ஒயர் இல்லாத கரண்டு

எங்கள் மாடி வீட்டில் குடியிருந்த அக்கா யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஆளைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்ப்பார். பிளக் எங்கே இருக்கிறது, அதிலிருந்து கிளம்புகிற ஒயர் எங்கே போய் முடிகிறது என்று கண்ணாலேயே ஒரு நடை நடந்துவிட்டுத்தான் உட்காருவார். ஒரு நிச்சயதார்த்த வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறார், இவர் வாசலில் கட்டியிருந்த சீரியல் விளக்கின் ஒயர் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார். கூடப் போயிருந்த எனக்குத்தான் மானம் போயிற்று.

"ஒயர் இருந்தா பயமில்ல. இங்க இருக்குது, தொடாதேன்னு சொல்லிடலாம். ஒயர் இல்லாத கரண்டு எங்க நிக்குதுன்னு யாருக்குத் தெரியும்?" என்பார். இதை அவர் சொல்லாத வாரம் கிடையாது.

ஆம்பூரில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை செய்தோம். ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்புவோம். நான் செக்கிங் டேபிள். அவரைக் கம்பெனியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊசி அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற லைனில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். யாருடைய மிஷினிலாவது ஊசி உடைந்தால் கையைத் தூக்க வேண்டும். அக்கா ஓடி வருவார். இடுப்பில் கயிறு கட்டித் தொங்குகிற காந்தக் கட்டியை எடுத்து மேஜை, தரை, தோல் என்று எல்லா இடத்திலும் துழாவுவார். அகப்பட்ட துண்டுகளை ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து முழு ஊசி ஆகிறதா என்று பார்ப்பார். முழுசாக ஆனால்தான் புது ஊசி கொடுப்பார். நுனி குறைந்தால் லைன் நிற்கும். அது எல்லா ஷூ கம்பெனியிலும் உள்ள சட்டம்தான், ஆனால் அவர் அளவுக்கு அதை உயிராக எடுத்துக்கொண்டவரை நான் பார்த்ததில்லை.

"மிச்சம் எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். யாரைக் கேட்கிறார் என்றும் தெரியாது. சூப்பர்வைசர் பாய், கன்டெய்னர் வந்து நிற்கிறது, இன்றைக்கு மட்டும் விட்டுக்கொடுங்கள் என்று கெஞ்சுவார். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

ஒருமுறை அப்படித்தான் ஒரு நுனி கிடைக்கவில்லை. வேலை நேரம் முடிந்துவிட்டது, வெளியே வேன்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், பெண்கள் எல்லாம் முணுமுணுவென்று திட்டுகிறார்கள். நானும் திட்டினேன். கடைசியில் அந்த நுனி தைத்த பெண்ணின் பின்னலுக்குள் இருந்தது. தெறித்த வேகத்தில் காதோரமாகப் போய் முடியில் சிக்கியிருக்கிறது. அப்பாடா என்று நாங்கள் எழுந்தோம். அக்கா மட்டும் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. "கண்ணுல போயிருந்தா?" என்றார். போகவில்லையே அக்கா, கிடைத்துவிட்டதே என்று நான் சொன்னது அவருக்கு ஏறவேயில்லை. அடுத்த இரண்டு நாளும் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினார். நடந்ததைவிட நடந்திருக்கக்கூடியதுதான் அவரை ஆட்டிவைக்கும். அப்படி ஒரு பிறவி.

அந்தக் காந்தக் கட்டி கையில் இருக்கும்போதே ஒருநாள் லைன் நடுவில் விழுந்தார். சத்தமே இல்லை. துவண்ட துணி மாதிரி சரிந்தார். கம்பெனி வண்டியில் போட்டு வேலூருக்குக் கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே இதயம் ஒருமுறை நின்று, டாக்டர்கள் மார்பில் கரண்டு வைத்துத் தட்டி எழுப்பினார்கள். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன், துபாயில் வேலை. ஆக, கூட இருந்தது நான்தான்.

பிறகு இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவு ஒரு மிஷின் வைத்துத் தைத்தார்கள். அதிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று இதயத்துக்குள் போகிறது. இதயம் தறிகெட்டு ஓடினால் அந்த மிஷின் தானாகவே உள்ளுக்குள் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும். கரண்டு என்றாலே ஒதுங்கிப்போகிற மனுஷிக்கு நெஞ்சுக்குள்ளேயே கரண்டைக் குடிவைத்துவிட்டார்கள். நான் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இதுக்கு ஒயர் இருக்குதில்ல, அது போதும்" என்றார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பொறுமையான பையன் எங்களை உட்கார வைத்துச் சொன்னான். காந்தத்தின் கிட்டேயே போகக்கூடாது. போனை வலது காதில் வைத்துத்தான் பேச வேண்டும், சட்டைப் பாக்கெட்டில் வைக்கவே கூடாது. மிஷின் உள்ளேயிருந்து கூவினால் உடனே வந்துவிட வேண்டும். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "எனக்கு எங்க இருக்குது சட்டைப் பாக்கெட்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அது ஆம்பளைங்களுக்குச் சொன்னது அக்கா என்றேன் நான். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

காந்தக் கட்டி வேறு ஒரு பெண்ணின் இடுப்புக்குப் போனது. அக்காவை நூல் வெட்டுகிற மேஜையில் உட்கார வைத்தார்கள். லைனில் ஏதாவது மிஷின் சட்டென்று நின்றால் அவர் கத்தரிக்கோலும் நிற்கும். கழுத்து அந்தப் பக்கம் திரும்பும். எழுந்து போக மாட்டார்.

என் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் எலக்ட்ரிக் கடை. எதுவும் புதிதாக வந்தால் முதலில் எங்கள் வீட்டில் வைத்துப் பார்ப்பார். ஒயர் இல்லாத காலிங்பெல் வந்தது. மேலே போனை வைத்தாலே சார்ஜ் ஏறுகிற மேஜை விளக்கு வந்தது. இன்னும் கொஞ்ச வருஷத்தில் பிளக் பாயிண்டே இருக்காது, அறை முழுக்கக் காற்றிலேயே கரண்டு இருக்கும், மிக்ஸியை எங்கே வேண்டுமானாலும் வைத்து அரைக்கலாம் என்று சாப்பிடும்போது கதை சொல்வார். ஒருநாள் அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துப்போனது.

"அந்தக் கரண்டு போற வழியில நான் நின்னா, என்னைச் சுத்திக்கினு போகுமா, எனக்குள்ள பூந்து போகுமா?" என்று கேட்டார்.

ஒரு சுருளில் இருந்து இன்னொரு சுருளுக்குத்தான் அது தாவும், ஆள் மேல் எல்லாம் தாவாது என்று இவர் விளக்கினார். அக்கா தன் இடது தோளைத் தொட்டுக்கொண்டு, உள்ளே இருக்கிற ஒயரையும் சுருட்டித்தானே வைத்திருக்கிறார்கள் என்றார். இவர் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, தெரியாது அக்கா, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். எதற்கும் தெரியாது என்று சொல்லாத மனிதர் அப்படிச் சொன்னது எனக்கே ஒருமாதிரி இருந்தது.

பொங்கலுக்கு மகன் துபாயில் இருந்து போன் அனுப்பினான். ஊருக்கு வந்த நண்பன் ஒருவன் கொண்டுவந்து கொடுத்தான். பளபளவென்று கருப்பாக, கனமாக, கூடவே வட்டமாக ஒரு தட்டு. தட்டின் மேல் வைத்தாலே சார்ஜ் ஏறும், ஒயர் குத்தவே வேண்டாம் என்று மகன் வீடியோவில் சொல்லிக்கொடுத்தான். அக்கா சரி கண்ணு, சரி கண்ணு என்றார். பேசி முடித்ததும் தட்டைப் பேப்பரில் சுற்றிப் பரண் மேல் போட்டார். போனுக்கு என் வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு ஒயர் வாங்கிக்கொண்டார். போனை எங்கே வைப்பார்? பழைய போனை எங்கே வைத்திருந்தாரோ அங்கேதான். ஜாக்கெட்டுக்குள், இடது பக்கம். கை காலியாக இருக்க வேண்டும், மகன் எப்போது கூப்பிட்டாலும் எடுக்க வேண்டும். ஆம்பூரில் பாதிப் பெண்களின் பர்ஸும் போனும் அங்கேதான் இருக்கும், என்னுடையதும்தான்.

மாசியில் ஒருநாள் வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். கம்பெனி கேட்டில் காலையில் கொடுத்துவைத்த போனை எல்லோரும் வாங்கிக்கொண்டு ஏறியிருந்தோம். அக்கா என் பக்கத்தில். திடீரென்று ஒரு சத்தம், மெல்லியதாக, விடாமல், கொசு காதோரம் வந்து நின்றுவிட்ட மாதிரி. யாருடைய போன் என்று நான் சுற்றிப் பார்த்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அவர் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

மனுஷ உடம்புக்குள்ளிருந்து வருகிற அந்த மாதிரிச் சத்தத்தை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் நின்றது. வேனில் யாரும் கவனிக்கவில்லை. அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாதே என்றார்.

உடனே வேலூருக்குப் போவோம் என்று சண்டை போட்டேன். வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். உள்ளே ஒயர் அறுந்திருந்தால் மறுபடி கிழிப்பார்கள், முதல் தடவை கிழித்த இடம் ஆறுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. கெட்டுப்போனது மிஷினா, இல்லை வெளியில் இருந்து ஏதாவது வந்து அதை இடிக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். "மிச்சம் எங்கன்னு நான் பார்க்கறேன், அப்புறம் போலாம்" என்றார். மகனுக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். சொன்னால் மாடியைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவேன் என்றார். செய்கிற ஆள்தான்.

அன்றையிலிருந்து தேட ஆரம்பித்தார். எங்கே நிற்கும்போது கூவுகிறது, எங்கே கூவவில்லை என்று ஒவ்வொரு இடமாக ஞாபகம் வைத்துக்கொண்டார். கம்பெனியில் அத்தனை மிஷின் ஓடுகிறது, அங்கே ஒருநாளும் கூவவில்லை. வேனில் கூவியது. வீட்டில் அடுப்படியில் கூவியது. துணி துவைக்கக் குனிந்தபோது கூவியது. அப்படியானால் கோளாறு மிஷினில் இல்லை, வீட்டில் இருக்கிறது, ரோட்டில் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில் அந்த மாதம்தான் செல்போன் டவர் நிறுத்தியிருந்தார்கள். அது போதாதா? அந்தப் பக்கத்து ஜன்னலை ஆணி அடித்து மூடினார். சமையலறையைப் படுக்கிற அறைக்கு மாற்றினார். வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோ எல்லாம் பார்ப்பார், டவரால் குருவி செத்தது, டவரால் மாட்டுக்குக் கன்று கலைந்தது என்று. பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போவார். போய்விடுவார், எனக்குத்தான் அப்புறம் வேலை ஓடாது.

எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே சமைத்துக்கொண்டிருப்பேன், காது மட்டும் மேலே இருக்கும். அவர் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் கை வேலை செய்யும். நின்றால் கையும் நின்றுவிடும். என்ன அக்கா செய்றீங்க என்று ஏதாவது சாக்கு வைத்துக் கூப்பிடுவேன். ஒருமுறை பதில் வரவில்லை என்று கையில் மாவோடு மாடிப்படி ஏறி ஓடினேன். அவர் அசையாமல் ஜன்னலோரம் நின்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டிருந்தார். "கத்தாத. கேட்டுக்கினு இருக்கேன்" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

டவருக்கு அடுத்தபடியாக எங்கள் வீட்டின் மேல் சந்தேகம் வந்தது. கீழே இருக்கிற மேஜை விளக்கு, காலிங்பெல், எல்லாம் அவர் காலுக்கு அடியில்தானே இருக்கிறது. என் வீட்டுக்காரரிடம் வந்து, "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாத்தையும் ஒருவாட்டி நிறுத்திப் பார்க்கலாமா?" என்று கேட்டார். இவருக்கு உள்ளூரக் கோபம், தொழிலையே குற்றம் சொன்ன மாதிரி. ஆனாலும் எழுந்து போய் மெயினையே இறக்கினார். பங்குனி வெயில். ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது. மூன்று பேரும் கூடத்தில் வேர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கீழே, மேலே, எங்கும் பொட்டு கரண்டு இல்லை. அக்காவின் முகம் மெல்லத் தெளிந்தது. அப்படியானால் இதுதான், கண்டுபிடித்துவிட்டேன் என்கிற தெளிவு. சிரித்தபடி கீழே உட்கார்ந்திருந்தவர் எழுவதற்குக் கையை ஊன்றிக் குனிந்தார்.

கூவியது.

என் வீட்டுக்காரர் அதுவரை நாங்கள் சொல்லித்தான் கேட்டிருந்தார். அன்றைக்குக் காதால் கேட்டார். வாய் திறந்தது திறந்தபடி அக்காவின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு கண்ணைத் திருப்பிக்கொண்டார். அக்கா யாரையும் பார்க்கவில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மெயினை மறுபடி ஏற்ற எங்கள் இரண்டு பேருக்கும் வெகுநேரம் கை வரவில்லை.

மறுநாள் அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டாவது வேலூர் போவது என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். காலையில் அவரே இறங்கி வந்தார். போகலாம் என்றார். குரலில் ஒன்றும் இல்லை. நான் புடவை மாற்றுகிறவரை அடுப்படியில் உட்கார்ந்து எனக்காக அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அப்போது மகன் கூப்பிட்டான். அக்கா ஜாக்கெட்டுக்குள் கையை விட்டுப் போனை எடுத்தார். நான் எதிரில் நின்று முந்தானை மடித்துக்கொண்டிருந்தேன். போனின் முதுகில் ஒரு ஊக்கு ஒட்டிக்கொண்டு தொங்கியது.

ஜாக்கெட் கொக்கி அறுந்து ஊக்கு குத்தியிருந்திருக்கிறார். அது வாய் பிளந்து கழன்று போனோடு வந்துவிட்டது. "அக்கா, ஊக்கு" என்றேன், கையில் குத்திவிடுமே என்று. அவர் போனைத் திருப்பிப் பார்த்தார். பேச ஆரம்பித்திருந்த வாய் நின்றது. விரலால் ஊக்கைப் பிரித்து எடுத்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். ஊக்கு அவர் விரலிலிருந்து துள்ளி மறுபடி போனின் முதுகில் டக்கென்று ஒட்டியது.

அந்த இழுப்பு அவருக்குத் தெரியாததா? எத்தனை வருஷம் அதைக் கயிற்றில் கட்டி இடுப்பில் வைத்திருந்தவர். போனைத் தரையில் வைத்தார், போட்டுக்கூட உடைக்கவில்லை, மெல்ல வைத்தார். பிறகு உட்கார்ந்தபடியே பின்னாலேயே நகர்ந்து போய்ச் சுவரில் முதுகு முட்டியதும் நின்றார். இரண்டு கையையும் இடது தோளின் மேல் பொத்திக்கொண்டார்.

தரையில் இருந்து மகன், "அம்மா, கேக்குதா? அம்மா, பேசும்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அக்காவின் கண்ணில் தண்ணீர் வழிகிறது, உதடு அசைகிறது, போனுக்குப் பக்கத்தில் வர முடியவில்லை. நான்தான் எடுத்து, சிக்னல் சரியில்ல தம்பி, அம்மாவை அப்புறம் கூப்பிடச் சொல்றேன் என்றேன். எடுத்த போனைக் கொண்டுபோய் வாசல் ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன்.

வேலூரில் அதே பையன் இல்லை, ஒரு பெண் இருந்தாள். கம்ப்யூட்டர் மவுஸ் மாதிரி ஒன்றை அக்காவின் தோள் மேல் ஜாக்கெட்டோடு வைத்தாள். திரையில் கோடு ஓடியது. ஒயர் இல்லாமல் உள்ளே இருக்கிற மிஷினோடு பேசுகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஷினில் கோளாறு எதுவும் இல்லை என்றாள் அந்தப் பெண். இந்த மாதிரிப் போன்களில், சார்ஜர் தட்டின் மேல் சரியாக ஒட்டிக்கொள்ள முதுகில் வட்டமாகக் காந்தம் வைத்திருப்பார்கள். காந்தம் நேராக மேலே வந்தால் மிஷின் ஒருமுறை கூவிவிட்டுத் தூங்கிவிடும், அப்போது இதயம் தறிகெட்டாலும் ஷாக் கொடுக்காது. எடுத்துவிட்டால் விழித்துக்கொள்ளும். அந்தத் தூரத்தில் இருக்கிற டவர் ஒன்றும் செய்யாது. போனை ஒரு சாண் தள்ளி வையுங்கள், ஒயர் இல்லாத சார்ஜரை ஒரு முழம் தள்ளி வையுங்கள், நிம்மதியாக இருங்கள் என்றாள்.

"கூவறது நின்னுட்டா முழிச்சிக்கும்தானே?" என்று அக்கா கேட்டார்.

இல்லை அம்மா, காந்தம் அங்கே இருக்கிற வரைக்கும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும் என்றாள்.

"அது தூங்கும்போது எனக்கு வந்திருந்தா?"

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். வரவில்லையே அம்மா என்றாள். அக்காவுக்கு அந்தப் பதில் போதாது என்று எனக்குத் தெரியும். பொங்கலில் இருந்து எத்தனை பகல், மகன் கூப்பிடுவான் என்று போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்த எத்தனை மதியம், உள்ளே காவல்காரன் படுத்துத் தூங்கியிருக்கிறான். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் அதைத்தான் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மகனிடம் சொல்லக்கூடாது என்றார். அம்மாவுக்கு என்று ஆசையாக அனுப்பியவன், இதைக் கேட்டால் அவன் உயிரோடு செத்துவிடுவான் என்றார். போன் கீழே விழுந்து உடைந்துபோனதாகச் சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரர் கடையில் இருந்த பட்டன் போன் ஒன்றை வாங்கி சுவர் மாடத்தில் வைத்துக்கொண்டார். அதையும் தொட்டுப் பேச மாட்டார், ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றுதான் பேசுவார். என்னம்மா தூரத்துல இருந்து பேசற மாதிரி இருக்குது என்று மகன் ஒவ்வொரு தடவையும் கேட்பான். சிக்னல் கம்மி கண்ணு என்பார்.

காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். அவருக்குப் பயம் கூடிப்போனது. கூவலும் இல்லாததால் இன்னும் ஜாஸ்தி. இப்போது விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று எப்படித் தெரியும்? நான் பக்கத்தில் போனால் முதலில் என் ஜாக்கெட்டைப் பார்ப்பார். போனைக் கீழே வைத்துவிட்டுத்தான் அவரிடம் போவேன். கோயிலில் யாராவது கட்டிப்பிடித்து விசாரிக்க வந்தால் ஒரு கை முன்னால் நீண்டுவிடும். அவரைக் கர்வக்காரி என்றுகூடச் சொன்னார்கள். இப்படியே பயந்து பயந்து செத்துவிடுவீர்கள் என்று ஒருநாள் நான் பேஜாராகிக் கத்திவிட்டேன்.

ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான், நடுவில் நனைந்த போர்வை. முறுக்கிப் பிழிவதற்கு நான் இழுத்தேன், அந்தப் பக்கத்தில் பிடி இல்லை. போர்வை என் மேல் வந்து விழுந்தது. விலக்கிப் பார்த்தால் அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறார். கழுத்து நரம்பு துடிக்கிறது, எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி. ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

"வருது" என்றார். "ஓடுது, தாறுமாறா ஓடுது."

உட்காருங்கள் என்று இழுத்து உட்கார வைத்தேன். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினேன், அவர் கடைக்குக் கிளம்பிப் போயிருந்தார். தெருவில் யாரோ என்னவென்று கேட்டார்கள், ஆம்புலன்ஸ் என்று கத்தினேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. நேராக எதையோ பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, காத்துக்கொண்டிருந்தார். என் கையை விடு என்று விரலை உதறினார். நான் விடவில்லை.

மிஷின் அடித்தது. யாரோ முதுகில் எட்டி உதைத்த மாதிரி அவர் உடம்பு தூக்கிப் போட்டது. பிடித்திருந்த என் கையிலும் சுரீரென்று ஒன்று ஏறியது, முழங்கை வரைக்கும். பயத்தில் என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்கே தெரியாது. அக்கா கண்ணை மூடினார். செத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கழுத்தில் அந்த நரம்பு நிற்கவில்லை. மறுபடி ஒருமுறை உடம்பு தூக்கிப் போட்டது. அதற்கப்புறம்தான் நரம்பு அடங்கியது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, காற்றில் பறந்து தொட்டி மேல் போய் விழுந்திருந்த போர்வையைப் பார்த்தார்.

ஆம்புலன்ஸில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் ஏதேதோ ஒட்டி ஒயர் ஒயராகத் தொங்கியது, அவர் அவற்றைக் கண்டுகொள்ளவேயில்லை. வேலூர் போகிற வழியில் விரிஞ்சிபுரம் தாண்டும்போது உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். தண்ணீர்தான் கேட்டார். உதட்டை நனைத்துவிட்டு, ரொம்பப் பயந்துட்டீங்களா அக்கா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினார். கண் ஓரத்தில் தண்ணீர் கோடாக இறங்கிக் காதுக்குள் போனது. முகத்தில் மட்டும் நான் அவரிடம் பார்த்தே இராத ஒரு நிம்மதி.

"எங்க அடிக்காம போயிடுமோன்னு பயந்துட்டேன்" என்றார்.